பிஐடி நம்பர் உயிரோட இருக்குன்னு சொல்லுது, ஆனா என்னோட ப்ரோக்ரேம் ஓடவே இல்ல, எப்படி?

லிந்துலை தம்பி (கேள்வி கேட்டவர்):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்குங்க, ரெண்டு நாளா இத தான் நோண்டிக்கிட்டு இருக்கேன்.

எங்க தேயிலை தோட்டத்து கொழுந்து மடுவத்துல (பறிச்ச கொழுந்த நிறுக்கிற எடம்) டிஜிட்டல் தராசு ஒண்ணு இருக்கு. அதுலருந்து சீரியல் வயர் ஒண்ணு இழுத்து சின்ன லினக்ஸ் போர்டுல மாட்டி, நிறுக்கிற ஒவ்வொரு கூடையோட கிலோவையும் ஆள் நம்பரோட சேத்து ஃபைல்ல எழுதுற மாதிரி பைத்தன்ல ஒரு ப்ரோக்ரேம் எழுதி குடுத்திருக்கேன். மெஷின் ஏறும்போதே அது ஓட ஆரம்பிக்கும், ஆரம்பிச்சதும் கெட்பிஐடி போட்டு தன்னோட பிஐடி நம்பர (ஓடிக்கிட்டு இருக்கிற ஒவ்வொரு ப்ரோக்ரேமுக்கும், அதாவது ப்ரோசஸுக்கும், சிஸ்டம் குடுக்குற நம்பர்) எடுத்து ஹோம் ஃபோல்டர்ல ஒரு பிஐடி ஃபைல்ல எழுதி வச்சிரும். ஒழுங்கா நிப்பாட்டுனா போகும்போது அந்த ஃபைல அழிச்சிட்டு போகும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா ரூட்டோட (எல்லா உரிமையும் இருக்கிற யூசர்) க்ரோன்லருந்து (குறிச்ச நேரத்துக்கு வேலைய ஓட்டி விடுறது) ஒரு ஸ்க்ரிப்ட் வந்து அந்த ஃபைல திறந்து நம்பர எடுத்து கில் -0 போட்டு பாக்கும், உயிரோட இருந்தா பேசாம போயிரும், இல்லாட்டி திரும்ப ஸ்டார்ட் பண்ணும். மெஷின் ஏறும்போதும் இதே ஸ்க்ரிப்ட் தான் ஓடுது. ஆறு மாசமா ஒரு பிரச்சினையும் இல்ல.

புதன்கெழம அந்திக்கு சரியான மழை, கரண்ட் போயிருச்சி, விடியுறதுக்கு கொஞ்சம் முன்னாடி தான் வந்துச்சி. காலைல போர்டுல பச்ச லைட் எரியுது, எல்லாம் சரின்னு தான் நெனச்சோம். காலை நிறுவை முடிஞ்சி பகல் நிறுவையும் முடிஞ்ச பொறகு பாத்தா ஃபைல்ல ஒரு கிலோ கூட ஏறல. கணக்கப்பிள்ளை தன்னோட கொப்பில கையால எழுதி வச்சிருந்தாரு, அதுனால தப்பிச்சோம். இல்லாட்டி அன்னைக்கி எத்தன அக்காமாருக்கு அரப்பேரு (பாதி நாள் சம்பளம்) விழுந்திருக்கும்னு நெனச்சாலே வயித்த கலக்குது.

அந்த ஸ்க்ரிப்டோட லொக்ல ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா "612 ஓடுது, 612 ஓடுது"ன்னு வரிசையா இருக்கு. பிஎஸ் (ஓடுற ப்ரோசஸ் எல்லாத்தையும் காட்டுற கமாண்ட்) போட்டு பாத்தா 612ங்கிற நம்பர்ல இருந்தது ஆவாஹி டீமன் (நெட்வொர்க்ல மத்த மெஷின்கள தேடி குடுக்குற சர்வீஸ்). என்னோட பைத்தன் எங்கயுமே இல்ல. இத பாத்து எனக்கு தலையே சுத்திருச்சி. ஓப்பரேட்டிங் சிஸ்டம் எந்த ப்ரோசஸ் எதுன்னு எப்படி தான் கண்டுபிடிக்குது? கெட்பிஐடி குடுக்குற நம்பர நம்பலாமா நம்பக்கூடாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அந்த மடுவத்துல இது இன்னொரு தடவ நடக்கக்கூடாது.


பண்டாரவளை அக்கா:

தம்பி, மொதல்ல இப்படி விவரமா லொக் எல்லாம் பாத்து கேட்டதுக்கே ஒங்கள பாராட்டணும். நம்பர் கெடச்சதும் ஆள் கெடச்சிட்டதா எடுத்துக்கிட்டீங்க, பிழை அங்க தான்.

ஒரு விஷயம் சொல்றேன். நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது நாங்க 7ஆம் நம்பர் லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) 3ஆம் காம்பராவுல (ரூம்) இருந்தோம். பொறகு மேல் டிவிஷனுக்கு மாறிட்டோம். எங்க அண்ணனுக்கு ஒரு இன்டர்வியூ கடிதம் பழைய எலக்கத்துக்கு போயிருச்சி. அந்த காம்பராவுல அப்ப வேற குடும்பம் இருக்கு, அவங்க வாங்கி, யாருக்கோ வந்ததுன்னு வெளங்காம, சாமி படத்துக்கு பின்னால சொருகி வச்சிட்டாங்க. நாங்க அத கையில எடுத்தப்போ இன்டர்வியூ முடிஞ்சி மூணு வாரம். கடிதம் சரியான காம்பராவுக்கு தான் போச்சி, ஆள் தான் மாறியிருந்தாரு. பிஐடிங்கிறதும் அந்த காம்பரா நம்பர் மாதிரி தான் தம்பி, ஆளோட பேரு இல்ல.

இப்ப உள்ளுக்கு என்ன நடக்குதுன்னு பாப்போம். ஒவ்வொரு ப்ரோசஸுக்கும் கேர்னல் (ஓப்பரேட்டிங் சிஸ்டத்தோட நடு பகுதி) தன்கிட்ட ஒரு பதிவு வச்சிருக்கு: யாரு அப்பா, எந்த யூசர், என்னென்ன ஃபைல் திறந்திருக்கு, என்ன நம்பர்னு எல்லாம் அதுல இருக்கு. ப்ரோக்ரேம் அந்த பதிவ நேரா தொட முடியாது. அதுனால தான் சிஸ்டம் கோல், அதாவது கேர்னல்கிட்ட ஒரு வேலைய செஞ்சி குடுன்னு கேக்குற வழி. கெட்பிஐடின்னு நீங்க எழுதுனா கடைசில ப்ரோசசர்ல ஒரு ரெஜிஸ்டர்ல (ப்ரோசசருக்குள்ள இருக்கிற சின்ன எடம்) கோலோட நம்பர போட்டுட்டு கேர்னலுக்குள்ள எறங்குது, 64 பிட் இன்டெல் மெஷின்ல அது 39ஆம் நம்பர் கோல், ஒங்க போர்டு 64 பிட் ஆர்ம்னா 172. கேர்னல் "இப்ப இந்த ப்ரோசசர்ல ஓடிக்கிட்டு இருக்கிறது யாரு"ன்னு பாத்து அதோட பதிவுல இருக்கிற நம்பர திருப்பி குடுக்கும். கேக்குற ஆளே தான் ஓடிக்கிட்டு இருக்கிற ஆளு, அதுனால இந்த கோல் பிழையாக வழியே இல்ல. கெட்பிபிஐடியும் அப்படி தான், அப்பாவோட நம்பர குடுக்கும். ஆக கெட்பிஐடி ஒங்களுக்கு பொய் சொல்லல, அது சொன்னப்போ 612 ஒங்க ப்ரோக்ரேம் தான்.

நம்பர் எங்கருந்து வருதுன்னா ஃபோர்க்லருந்து, அது புது ப்ரோசஸ உண்டாக்குற கோல். ஒரு ப்ரோசஸ் ஃபோர்க்னு கூப்பிட்டா அந்த ஒரே கோல் ரெண்டு எடத்துல திரும்பி வரும், அப்பாவுக்கு பிள்ளையோட நம்பர், பிள்ளைக்கு 0. பிள்ளைக்கு ஏன் 0ன்னு கெம்பஸ்ல எனக்கு ரொம்ப நாளா வெளங்கல. பிள்ளைக்கு அப்பா ஒருத்தர் தான், எப்ப வேணும்னாலும் கெட்பிபிஐடில கேட்டுக்கலாம், ஆனா அப்பாவுக்கு பத்து பிள்ளைங்க இருக்கலாம், இப்ப பொறந்தது எதுன்னு அந்த நிமிஷமே சொல்லாட்டி பொறகு கேக்குறதுக்கு வழி இல்ல. அதுக்கப்புறம் பிள்ளை எக்ஸெக்னு ஒரு கோல் போட்டு வேற ப்ரோக்ரேமா மாறினாலும் நம்பர் மாறாது.

லினக்ஸ் நம்பர வரிசையா குடுத்துக்கிட்டே போகும். கேர்னலோட சாதாரண எல்லை 32768, 64 பிட்ல 4194304 வரைக்கும் கூட்டலாம், இப்ப பல மெஷின்ல அப்படி கூட்டியே வருது. எல்லை வந்ததும் திரும்ப கீழ வந்து, 300லருந்து மேல காலியா இருக்கிற நம்பரா பாத்து குடுக்கும். ஆனா ஒங்களுக்கு நடந்தது இது கூட இல்ல. கரண்ட் போச்சில்ல, மெஷின் திரும்ப ஏறும்போது எல்லாருக்கும் புதுசா 1லருந்து நம்பர் குடுத்திருக்கு. மெஷின் ஏறுறப்போ ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அதே சர்வீஸ்கள் அதே வரிசைல தான் எழும்பும், ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன ஆகும், அதுனால போன தடவ ஒங்களுக்கு விழுந்த 612 இந்த தடவ ஆவாஹிக்கு விழுந்திருச்சி. கரண்ட் திடீர்னு போனதால ஒங்க ப்ரோக்ரேமுக்கு ஃபைல அழிக்க நேரமே கெடைக்கல. பழைய எலக்கம் எழுதுன கடிதம் அப்படியே கெடந்திருச்சி.


ஹட்டன் லினக்ஸ்:

அக்கா சொன்னது எல்லாம் சரி, கில் பத்தி நான் கொஞ்சம் சேத்துக்கிறேன். பேரு தான் கில், அது ஒரு ப்ரோசஸுக்கு சிக்னல் (நில்லு, போ மாதிரி ஒரு சின்ன தகவல்) அனுப்புற கோல். சிக்னல் 0 குடுத்தா ஒண்ணும் அனுப்பாது, அப்படி ஒரு நம்பர் இருக்கா, அதுக்கு சிக்னல் அனுப்ப ஒனக்கு உரிமை இருக்கான்னு மட்டும் பாத்து சொல்லும். அந்த நம்பர்ல யாருமே இல்லாட்டி ஒரு எரர், ஆள் இருந்து ஒனக்கு உரிமை இல்லாட்டி இன்னொரு எரர். தம்பி ரூட்டா ஓட்டினதால உரிமை பிரச்சினை வரல, நேரா "சரி"ன்னு பதில் வந்திருச்சி. சாதாரண யூசரா ஓட்டியிருந்தா ஷெல்லோட கில் ஆவாஹிய தொட முடியாம ஃபெயில் ஆகி ஒங்க ப்ரோக்ரேம் ஸ்டார்ட் ஆகியிருக்கும்.

இதவிட பயமான விஷயம் ஒண்ணு இருக்கு தம்பி. ஒங்ககிட்ட நிப்பாட்டுற ஸ்க்ரிப்டும் இருக்கும்ல, அதுவும் அதே ஃபைல்ல இருக்கிற நம்பருக்கு கில் -9 போடுதா? அப்படின்னா அது ஆவாஹிய கொன்னிருக்கும். ஆவாஹி போனா பெரிய நட்டம் இல்ல, அந்த எடத்துல டேட்டாபேஸ் இருந்திருந்தா? இன்னொண்ணு, ஃபோர்க் ஃபெயில் ஆனா -1 குடுக்கும், அத பாக்காம அப்படியே பிஐடின்னு ஃபைல்ல எழுதி வச்சி, பொறகு அந்த -1க்கு கில் போட்டா, உரிமை இருக்கிற எல்லா ப்ரோசஸுக்கும் சிக்னல் போகும். ரூட்டா இருந்தா 1ஆம் நம்பர தவிர மெஷினே காலி. இத நான் வேல செஞ்ச ஒரு எடத்துல கண்ணால பாத்திருக்கேன், ராத்திரி ஒரு மணிக்கு மொத்த சர்வரும் அமைதியாகிருச்சி, காரணம் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சி.

அப்புறம் ஓப்பரேட்டிங் சிஸ்டம் எப்படி கண்டுபிடிக்குதுன்னு கேட்டீங்க. எல்லா ப்ரோசஸையும் வரிசையா குடுன்னு கேக்க லினக்ஸ்ல தனியா ஒரு சிஸ்டம் கோல் இல்ல. பிஎஸ் என்ன செய்யுதுன்னா ப்ரோக் ஃபோல்டர திறந்து அதுக்குள்ள நம்பர் பேர்ல இருக்கிற ஃபோல்டர் ஒவ்வொண்ணா போய் பாக்குது. நம்பிக்கை இல்லாட்டி எஸ்ட்ரேஸ் (ஒரு ப்ரோக்ரேம் போடுற சிஸ்டம் கோல் எல்லாத்தையும் காட்டுறது) வச்சி பிஎஸ்ஸ ஓட்டி பாருங்க, ஃபைல் திறக்குறது படிக்கிறது மூடுறதுன்னு நூத்துக்கணக்கான வரி ஓடும், 1, 2, 3ன்னு ஒவ்வொரு நம்பரா போகும். அந்த ஃபைல் எதுவுமே டிஸ்க்ல கெடையாது, நாம படிக்கிற நேரத்துல கேர்னல் தன்னோட பதிவ பாத்து எழுதி குடுக்குறது.

அதுல ஒவ்வொரு நம்பர் ஃபோல்டருக்குள்ளயும் ஸ்டாட்னு ஒரு ஃபைல் இருக்கு, அதோட 22ஆவது எலக்கம் அந்த ப்ரோசஸ் எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்லும், மெஷின் ஏறுனதுலருந்து எத்தன டிக்னு (கேர்னல் நேரத்த எண்ணுற சின்ன அளவு). பிஐடியோட இதையும் சேத்து ஃபைல்ல எழுதி வச்சி ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாத்தா ஆள் மாறாட்டம் பிடிபட்டிரும். நான் பல எடத்துல இப்படி தான் செஞ்சிருக்கேன்.


பதுளை கெம்பஸ் பிள்ளை:

இடைல கேக்குறதுக்கு மன்னிச்சிக்குங்க. அண்ணே அக்கா, எனக்கு வேற ஒரு சந்தேகம். டொக்கர் கன்டெய்னருக்குள்ள (ப்ரோக்ரேம மத்ததுலருந்து பிரிச்சி ஓட்டுற பெட்டி மாதிரி) போய் கெட்பிஐடி போட்டா 1ன்னு வருது, வெளிய பிஎஸ்ல பாத்தா அதே ப்ரோசஸுக்கு 20394ன்னு இருக்கு. அப்ப கெட்பிஐடி பிழையாக வழியே இல்லன்னு சொன்னது எப்படி? அடுத்தது, ஒரே ப்ரோக்ரேமுக்குள்ள த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற தனி வேலை) நாலு போட்டா நாலும் ஒரே பிஐடி சொல்லுது.


பண்டாரவளை அக்கா:

நல்ல கேள்விம்மா. ரெண்டு நம்பரும் சரி தான். 2008ல வந்த 2.6.24 கேர்னல்லருந்து பிஐடி நேம்ஸ்பேஸ்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு தோட்டத்துலயும் 1ஆம் நம்பர் லயம் இருக்குற மாதிரி, ஒவ்வொரு நேம்ஸ்பேஸும் 1லருந்து எண்ணும். உள்ளுக்கு இருக்கிற ப்ரோசஸுக்கு உள் நம்பர் ஒண்ணு, வெளி நம்பர் ஒண்ணுன்னு ரெண்டுமே கேர்னல்ல பதிவாகியிருக்கும். கேக்குற ஆள் எந்த நேம்ஸ்பேஸ்ல நின்னு கேக்குதோ அந்த நம்பர் தான் பதிலா வரும். ப்ரோக் ஃபோல்டர்ல இருக்கிற ஸ்டேட்டஸ் ஃபைல வெளிய இருந்து திறந்து பாருங்க, என்எஸ்பிஐடின்னு ஒரு வரில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டும்.

த்ரெட் விஷயம் இப்படி: கேர்னலுக்கு த்ரெட்டும் ப்ரோசஸ் மாதிரி தனித்தனி பதிவு தான், ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் இருக்கு, அது கெட்டிஐடில கெடைக்கும். கெட்பிஐடி குடுக்குறது அந்த கூட்டத்தோட தலைவர் நம்பர். க்லிப்சில (ப்ரோக்ரேமுக்கும் கேர்னலுக்கும் நடுவுல இருக்கிற லினக்ஸோட சி லைப்ரரி) கெட்டிஐடிக்கு நேரடி ஃபங்ஷன் 2.30ல, அதாவது 2019ல தான் வந்துச்சி, அதுக்கு முன்னாடி கோல் நம்பர கையால குடுத்து தான் கூப்பிடணும்.

இப்ப தம்பிகிட்ட வர்றேன். ஹட்டன் சொன்ன ஆரம்ப நேரத்த சேத்து பாக்குற முறைய நானும் முந்தி செஞ்சேன், ஆனா இப்ப வேணாம்னு தான் சொல்லுவேன். அந்த டிக் கணக்கு மெஷின் ஏறுனதுலருந்து எண்ணுறது, அதுனால வேற வேற பூட்ல (மெஷின் ஏறுற ஒவ்வொரு தடவையும் ஒரு பூட்) ஒரே எண் வர வாய்ப்பு கொஞ்சமா இருந்தாலும் இருக்கு, அதுக்கு பூட் ஐடியையும் (ஒவ்வொரு பூட்டுக்கும் கேர்னல் குடுக்குற தனி அடையாளம்) சேத்து எழுதணும். அப்படியே எழுதுனாலும் பாத்ததுக்கும் கில் போடுறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, அந்த கண்ணிமைக்கிற நேரத்துல பழைய ஆள் செத்து அதே நம்பர்ல புது ஆள் வந்திரலாம். ஒங்க மடுவத்துல அது நடக்காது தான். பரபரப்பான சர்வர்ல நடக்கும்.

ஒங்களுக்கு நான் சொல்றது மூணு விஷயம், லேசானதுலருந்து சொல்றேன். பிஐடி ஃபைல ஹோம்ல வைக்காதீங்க, /run ஃபோல்டர்ல வைங்க, அது மெமரில இருக்கிற ஃபோல்டர், கரண்ட் போனா அதுவும் சேந்து காலியாகிரும், இது ஒண்ணு செஞ்சிருந்தாலே புதன்கெழம தப்பிச்சிருப்பீங்க. ரெண்டாவது, நம்பர பாத்து உயிர பாக்குறத விட்டுட்டு எஃப்லொக் (ஃபைலுக்கு பூட்டு போடுற கோல்) பாவிங்க. ப்ரோக்ரேம் ஆரம்பிக்கும்போது ஒரு ஃபைல திறந்து அதுக்கு பூட்டு போட்டு அப்படியே வச்சிக்கிட்டு இருக்கணும். அந்த ப்ரோசஸ் எப்படி செத்தாலும், கில் -9ல செத்தாலும், கேர்னல் அது திறந்து வச்சிருந்த ஃபைல் எல்லாத்தையும் மூடும், பூட்டும் தானா கழண்டிரும். வாட்ச் பண்ற ஸ்க்ரிப்ட் அந்த பூட்ட போட்டு பாக்கட்டும், போட முடிஞ்சா ஆள் இல்ல. ஒண்ணு மட்டும் கவனம், ஒங்க ப்ரோக்ரேம் ஃபோர்க் பண்ணி பிள்ளைங்கள விட்டா அந்த பூட்டு பிள்ளைகிட்டயும் இருக்கும், அப்பா செத்தாலும் பிள்ளை இருக்கிற வரைக்கும் கழறாது.

மூணாவது தான் எனக்கு புடிச்சது. சிஸ்டம்டிக்கு (மெஷின் ஏறும்போது சர்வீஸ்கள ஆரம்பிச்சி பாத்துக்கிறது) ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதி குடுத்திருங்க, ரீஸ்டார்ட் எப்பவும்னு போடுங்க, க்ரோன் ஸ்க்ரிப்டே தேவைப்படாது. சிஸ்டம்டி ஒங்க ப்ரோக்ரேமோட அப்பாவா இருக்கும். பிள்ளை செத்தா கேர்னல் அப்பாவுக்கு சிக்னல் அனுப்பும், அப்பா வெய்ட் கோல் போட்டு கணக்கு முடிக்கிற வரைக்கும் அந்த பிள்ளையோட நம்பர வேற யாருக்கும் குடுக்காது. பிஎஸ்ல ஸோம்பின்னு காட்டுறது அத தான், ஆள் போயிட்டாரு, காம்பரா இன்னும் அவர் பேர்ல இருக்கு. அதுனால அப்பாவுக்கு மட்டும் நம்பர் ஒரு நாளும் பிழையாகாது.

அப்பா இல்லாத வேற ஆள் பாக்கணும்னா இப்ப பிஐடிஎஃப்டி இருக்கு. 2019ல 5.1 கேர்னல்ல பிஐடிஎஃப்டி வழியா சிக்னல் அனுப்புற கோல் வந்துச்சி, 5.3ல பிஐடிஎஃப்டி ஓப்பன் வந்துச்சி. ஃபைல திறக்குற மாதிரி ப்ரோசஸையே திறந்து கையில ஒரு பிடி வாங்கிக்கிறது. அது அந்த ஆளோட பிடி. ஆள் செத்து நம்பர் வேற ஆளுக்கு போனாலும் ஒங்க கையில இருக்கிறது புது ஆள காட்டாது, அப்படி ஒரு ப்ரோசஸ் இல்லன்னு தான் சொல்லும். பைத்தன்ல 3.9லருந்து ஓஎஸ் மொட்யூல்லயே இருக்கு. வின்டோஸ்காரங்களுக்கு இது புதுசு இல்ல, அங்க ஓப்பன்ப்ரோசஸ் போட்டு ஹேண்டில் வாங்கி வச்சிருந்தா அத மூடுற வரைக்கும் அந்த நம்பர வேற ப்ரோசஸுக்கு குடுக்கவே மாட்டாங்க.


ஹட்டன் லினக்ஸ்:

அக்கா பூட் ஐடி விஷயம் நான் யோசிக்கவே இல்ல, சரியா சொன்னீங்க. நான் வச்சிருக்கிற ஸ்க்ரிப்ட் எல்லாத்தையும் இந்த கெழமையே மாத்துறேன்.


மஸ்கெலியா மழை:

தம்பி இதெல்லாம் செய்ங்க, ஆனா அந்த போர்டுக்கு ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வாங்கி மாட்டுங்க. நம்ம பக்கம் மழைக்கு கரண்ட் போறது எப்படின்னு ஒங்களுக்கு தெரியும். எழுதிக்கிட்டு இருக்கும்போது போனா மெமரி கார்டே பழுதாகிரும், பொறகு ப்ரோசஸ் நம்பர் சரியா இருந்தும் பிரயோசனம் இல்ல. கணக்கப்பிள்ளையோட கொப்பிய மட்டும் நிப்பாட்ட விட்டுறாதீங்க.


லிந்துலை தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, சாமி படத்துக்கு பின்னால சொருகுன கடிதம்னு நீங்க எழுதுனத எங்க அம்மாகிட்ட வாசிச்சி காட்டுனேன், எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு நடந்திருக்குன்னு சொன்னாங்க.

நேத்து ஞாயிறு, மடுவம் பூட்டி இருந்துச்சி, தொறப்பு வாங்கிட்டு போய் உக்காந்து எல்லாத்தையும் மாத்துனேன். நிப்பாட்டுற ஸ்க்ரிப்ட்ல ஹட்டன் அண்ணே பயந்த மாதிரியே கில் -9 தான் இருந்துச்சி, அத அழிச்சிட்டேன். க்ரோன் ஸ்க்ரிப்ட தூக்கிட்டு சிஸ்டம்டிக்கு மாத்தி, அதுக்கு மேல எஃப்லொக்கும் போட்டேன், யாராவது கையால ப்ரோக்ரேம இன்னொரு தடவ ஓட்டிட்டா ரெண்டு பேரும் ஒரே தராச வாசிச்சி கொழப்பிரக்கூடாதுன்னு.

பொறகு ப்ளக்க புடுங்கி புடுங்கி பாத்தேன், அஞ்சி தடவ. ஏறி வந்த ஒவ்வொரு தடவையும் என்னோட ப்ரோக்ரேமுக்கு விழுந்த நம்பர எழுதி வச்சேன்: 598, 612, 603, 612, 607. அந்த 612 ரெண்டு தடவ வந்துச்சி. அஞ்சி தடவையும் ப்ரோக்ரேம் தானா எழும்பி தராச பிடிச்சிருச்சி. ஓடிக்கிட்டு இருக்கும்போது நானே கில் -9 போட்டும் பாத்தேன், பிஎஸ் திரும்ப அடிக்கிறதுக்குள்ள புது நம்பர்ல வந்து நிக்குது.

இன்னைக்கி காலை நிறுவைக்கு நானும் பக்கத்துல நின்னேன். மொத கூடை 6.4 கிலோ, ஸ்க்ரீன்லயும் அது தான், கணக்கப்பிள்ளையோட கொப்பிலயும் அது தான். யூபிஎஸ்ஸுக்கு ஒஃபிஸ்ல கேட்டிருக்கேன், கெடச்சா எந்த வோட்டேஜ் எடுக்கணும்னு தனியா ஒரு கேள்வி போடுறேன்.